நோயாளியின் பெயர்: கிதாப்

இரவு எட்டரை. கடைசி இருமல்காரரும் போய்விட்டார்.
ஷம்மா அல் ஷெஹ்ஹி வந்தாள்,
கொதிக்கிற குழம்பைத் தூக்கிவருவதுபோல
இரு கையாலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்தபடி.
உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல்
ஒரு கரப்பான் அளவுக்குப் பச்சைக் கட்டி.
ஜுல்பார் மேட்டில், மூன்றாம் குழியில்,
மீன்முள்ளுக்கும் பேரீச்சங்கொட்டைக்கும் இடையே கிடந்ததாம்.
"பெல்ட் கொக்கி என்கிறார்கள். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை.
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்."

நான் நெஞ்சு பார்க்கிறவள், முழங்கால் பார்க்கிறவள்.
தக்கலையிலிருந்து ராசல்கைமா வந்து ஒன்பது வருடம்.
ஒரு கட்டியை எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது?

பெயர் இல்லாமல் கதிர் விடமாட்டேன் என்றது கணினி.
ஷம்மா தன் ஆசையைச் சொன்னாள்: கிதாப்.
வயது அறுநூறு என்று அடித்தேன்.
நூற்றிருபதுக்கு மேல் எங்களிடம் ஆளில்லை என்று
சிவப்பாகத் திருப்பி அனுப்பியது.
அறுபது என்றேன். ஒப்புக்கொண்டது.
ஆணா, பெண்ணா?
"பெண்" என்றாள் யோசிக்காமல்.
அறுபது வயதுக்காரியையும் விடாத மென்பொருள்
அடுத்துக் கேட்டது: கர்ப்பமா?
சிரித்தோம். பிறகு அவள் டப்பாவைக் குனிந்து பார்த்து
"தெரியவில்லை என்று போடு" என்றாள்.

மணிக்கட்டுக்கு வைக்கிற அளவு போதவில்லை.
ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.
மூன்றாம் முறை
பச்சை விலகி நின்றது.
திரையில் ஒரு தகடு, சுண்டுவிரல் நீளம்,
ஒரு நுனி ஒடுங்கி, கீழ்நோக்கி வளைந்த நாக்கு,
மறுநுனியில் கீல்.
மேலெல்லாம் வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் புள்ளி.
பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவதுக்கு இடம் போதாமல்
பாதி வட்டத்தோடு எழுந்து போயிருக்கிறான் தட்டான்.

"அட்டையைப் பூட்டுகிற கொக்கி," ஷம்மா கிசுகிசுத்தாள்.
"மரப்பலகை, தோல் வார், அதன் முனையில் இது."
தாள்கள்?
"கரையான் வாசித்து முடித்துவிட்டது."
வேதமா, முத்துக் கடன் கணக்கா,
யாருக்குத் தெரியும்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று ஆணிகளில் ஒன்று மட்டும் மங்கல்.
இரண்டு செம்பு, இது இரும்பு.
அதன் துளையிலிருந்து ஓடும் ஒரு விரிசல்,
விரிசலின் குறுக்கே நகத்துணுக்குபோல் ஒரு ஒட்டு.
முறிந்து சேர்ந்த இடம் எனக்குத் தெரியும், ஷம்மா.
அலமாரியில் சும்மா இருந்தது உடையாது.
ஓயாமல் யாரோ திறந்திருக்கிறார்கள்.
உடைந்த பிறகும் விடவில்லை,
கையில் கிடைத்த ஆணியை அடித்து
மறுபடி திறந்திருக்கிறார்கள்.

அன்று மதியம் இதே மேஜையில்
சுர்ஜன் பாஸ்வானின் கையை வைத்திருந்தேன்.
கப்பல் பட்டறை வெல்டர். ஒரு தகடு, ஆறு திருகு.
"இதைக் கழற்றுவார்களா, இல்லை என்னோடேயே வருமா?"
டாக்டரிடம் கேளுங்கள் என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.
இப்போது அந்தப் படத்தைத் திறந்து
பக்கத்தில் வைத்தேன்.
அவனுடையதில் வட்டமில்லை, புள்ளியில்லை.
பொடியாக ஒரு வரிசை எண்.
அவனை ஒருநாள் எரிப்பார்கள். சாம்பலைக் கிளறினால்
இந்தத் தகடு கிடக்கும்.
என்னவெல்லாம் எழுதியிருந்த கை இது என்று
யார் டப்பாவில் எடுத்துக்கொண்டு
எந்த ஊர் எக்ஸ்ரே அறைக்கு ஓடுவார்கள்?

ஷம்மா எதுவும் சொல்லவில்லை.
பஞ்சைச் சரிசெய்து மூடியை அழுத்தினாள்.
"அறிக்கையில் என்ன எழுதுவாய்?"

பழைய முறிவு.
நன்றாகக் கூடியிருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அவள் எண்ணுக்கு
எங்கள் கணினி தானாகவே செய்தி அனுப்பியிருக்கிறது:
அன்புள்ள கிதாப், மறுபரிசோதனைக்கு நேரமாகிவிட்டது.
வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறாள்.
வியாழக்கிழமை, பத்து மணி,
சுர்ஜனுக்கு அடுத்த இடம்.